ஆயிரத்துக்கு இருபத்து நாலு கொசுறு

ப்ளஸ் ஒன் பிள்ளைகளுக்குக் கணினி அறிவியல் எடுக்கிறேன். பள்ளிக்கூடம் திறந்து கொஞ்ச நாளிலேயே அந்தப் பாடம் வந்துவிடும். ஒரு கிலோபைட்டுக்கு எத்தனை பைட் என்று கேட்பேன். ஆயிரம் என்பார்கள். கிலோ என்றால் ஆயிரம்தானே, கடையில் அப்படித்தானே நிறுக்கிறார்கள் என்பார்கள். நான் போர்டில் ஆயிரத்து இருபத்து நாலு என்று எழுதுவேன். கம்ப்யூட்டர் இரண்டிரண்டாகவே பெருக்கிக்கொண்டு போகிற ஜென்மம், அதற்கு ஆயிரத்தில் நிற்கத் தெரியாது, பக்கத்தில் இருக்கிற இந்த எண்ணில்தான் போய் நிற்கும் என்று விளக்குவேன். பாதிப் பேருக்குக் கொட்டாவி வரும். அப்போது, "ஆயிரம் வாங்குனா இருபத்து நாலு கொசுறு. அவ்வளவுதான், ஞாபகம் வச்சுக்கங்க" என்பேன். வகுப்பு சிரிக்கும். காய் வாங்கி முடித்ததும் கடைக்காரர் சும்மா அள்ளிப் போடுகிற கறிவேப்பிலை எல்லா வீட்டுக்கும்தான் வருகிறது. பரீட்சையில் அந்த ஒரு மார்க்கை யாரும் விட்டதில்லை.

அந்த வேடிக்கை என் சொந்தச் சரக்கு இல்லை. என் வீட்டுக்காரருடையது. அவரும் அதே மிஷன் பள்ளிக்கூடத்தில் அலுவலக எழுத்தர். திருவாதவூர்ப் பக்கம் வயலில் கூலி வேலை பார்த்த குடும்பத்திலிருந்து படித்து வந்தவர். பேச்சில் அந்த மண் போகவே இல்லை. எனக்குக் கணக்கு மாதிரி அவருக்குக் குரல். விளையாட்டு விழாவில் மைக் அவர் கையில்தான் இருக்கும். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் வேத பாடம் வாசிக்க எழுந்தால் பின் பெஞ்சில் பேசிக்கொண்டிருக்கிற பெண்கள்கூட நிறுத்திவிடுவார்கள். கோச்சடையில் எங்கள் தெருவுக்குள் காய்கறி வண்டி வரும்போது அந்தக் குரலின் இன்னொரு பக்கம் வெளியே வரும். "என்னண்ணே, அம்புட்டுத்தானா? கொசுறு எங்க?" என்று அவர் கேட்டால் எதிர் வீட்டில் கேட்கும். வண்டிக்காரர் திட்டிக்கொண்டே கறிவேப்பிலை போடுவார். இவர் விடமாட்டார். "மல்லித்தழைக்கு என்ன கோவம்? அத ஏன் வீட்லயே விட்டுட்டு வந்தீக?" என்பார். நான் வாசல் கதவுக்குப் பின்னால் நின்று வெட்கப்படுவேன்.

போன வருடம் அவருக்குத் தொண்டையில் புற்றுநோய் என்றார்கள். குரல்வளையையே எடுக்க வேண்டும் என்றார் டாக்டர். "உயிருக்கு ஒண்ணும் ஆகாது, பேச்சு மட்டும் போயிரும்" என்று ஒரே மூச்சில் சொல்லி முடித்தார். அந்த 'மட்டும்' என்ற சொல்லின் மேல் எனக்கு இன்றுவரை ஆத்திரம் தீரவில்லை.

பெங்களூரில் வேலை பார்க்கும் எங்கள் மகள்தான் போனில் அழுதுகொண்டே யோசனை சொன்னாள். ஆபரேஷனுக்கு முன்னால் அப்பா குரலை முடிந்த மட்டும் பதிவு செய்து வையுங்கள், பிறகு என்றைக்காவது உதவும் என்றாள். நல்ல வெயில் காலம். சத்தம் வரக்கூடாது என்று படுக்கையறையில் ஃபேனை நிறுத்தி ஜன்னலைச் சாத்திவிட்டு உட்கார்ந்தோம். அவர் துண்டால் துடைத்துத் துடைத்துப் பேசினார். முதலில் வேதத்திலிருந்து வாசித்தார். பிறகு அது சலித்து, தினம் பேசுகிறதைப் பேச ஆரம்பித்தார். வாரேன். போறேன். சாவி எங்க வச்ச? எம்புட்டு? சாப்பிட்டியாம்மா? என் பெயர். மகள் பெயர். கொசுறு எங்கண்ணே? எனக்கு அழுகை வரும்போதெல்லாம் பதிவை நிறுத்த வேண்டியிருந்தது. "டீச்சர், உங்க மூக்குறிஞ்சுற சத்தமும் சேர்ந்து விழுகுது" என்று கேலி செய்தார். அதையும் அவர் குரலில் பதிவு செய்துதான் வைத்தோம்.

போனில் இருந்தால் தொலைந்துபோகும் என்று எல்லாவற்றையும் வீட்டுக் கம்ப்யூட்டருக்கு மாற்றிவிட்டேன், போனில் ஒன்றும் வைக்கவில்லை. 'குரல்' என்று தமிழிலேயே பெயர் போட்டு ஒரு ஃபோல்டர் திறந்தேன். எனக்கு அந்தப் பிடிவாதம் உண்டு. சினிமாப் படங்கள், கேள்வித்தாள்கள், யார் யாரோ அனுப்பிய குப்பை எல்லாம் ஆங்கிலப் பெயரோடு கிடக்கும். மனசுக்கு நெருக்கமானவற்றுக்கு மட்டும் தமிழில் பெயர் வைப்பேன். அந்தக் கம்ப்யூட்டரில் அப்படி மூன்றே இருந்தன. கல்யாணம், குரல், ஞானஸ்நானம்.

ஆபரேஷன் ஆயிற்று. கழுத்தில் மூச்சு விடுவதற்கு ஒரு துளை. அதன்பிறகு கதிர்வீச்சு, ஆஸ்பத்திரி, கஞ்சி என்று மாதங்கள் போயின. அந்தக் கம்ப்யூட்டரை யாரும் தொடவில்லை. மகள் அவருக்குப் புதுப் போன் ஒன்று வாங்கி அனுப்பினாள். டைப் அடித்தால் அது தமிழில் வாசிக்கும். பஸ் நிலையத்தில் திருச்சி வண்டி புறப்படுகிறது என்று அறிவிக்கிற ஆளுடைய குரல். அவர் 'எம்புட்டு' என்று அடிப்பார். போன் அதை ஏதோ வெளிநாட்டு ஊர்ப் பெயர் போல உச்சரிக்கும். அவர் முகம் சுருங்கும். காய்கறி வண்டிக்காரர் இப்போதெல்லாம் கேட்காமலே கறிவேப்பிலை, மல்லி, இரண்டு பச்சை மிளகாய் எல்லாம் போட்டுவிடுகிறார். கை நிறையப் போடுகிறார். இவர் அதை வாங்கிக்கொண்டு உள்ளே வந்து சமையல் மேடையில் வைத்துவிட்டு, ஒன்றும் டைப் அடிக்காமல் போய்ப் படுத்துக்கொள்வார். கேட்டு வாங்கினால்தான் அது கொசுறு. இது பரிதாபம். அவர் சொல்லாமலே எனக்குப் புரிந்தது, அதற்கு நான் செய்யக்கூடியதுதான் ஒன்றும் இல்லை.

இந்த நிலைமையில்தான் மகள் ஒரு நாள் வீடியோவில் கூப்பிட்டாள். இப்போது ஒரு செயலி வந்திருக்கிறது, ஒருவருடைய பழைய பேச்சை அரை மணி நேரம் சுத்தமாகக் கொடுத்தால் போதும், அதன்பிறகு என்ன டைப் அடித்தாலும் அவர் குரலிலேயே பேசும் என்றாள். "அம்மா, அந்த ஃபோல்டரை அனுப்பும்மா. அப்பா அப்பாவாவே பேசலாம்." அவர் சட்டென்று ஆசைப்படுகிற ஆள் கிடையாது. ஆனால் அன்று அவர் முகத்தைப் பார்த்தேன். போய்ச் சட்டை மாற்றிக்கொண்டு வந்து கம்ப்யூட்டருக்குப் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார்.

ஸ்விட்சைப் போட்டேன். உள்ளேயிருந்து டிக், டிக் என்று ஒரு சத்தம் வந்தது. திரை கறுப்பாகவே நின்றது. அந்தச் சத்தம் என்னவென்று எனக்குத் தெரியும். ஹார்ட் டிஸ்க் சாகிற சத்தம்.

விளாங்குடியில், திண்டுக்கல் ரோட்டின் மேலேயே, மாடியில் ஒருவர் கம்ப்யூட்டர் பழுது பார்க்கிறார். நாற்பது வயதிருக்கும். கெட்டுப்போன ஹார்ட் டிஸ்கிலிருந்து எடுத்துக் கொடுப்பார் என்று சக ஆசிரியை சொன்னாள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் நானும் என் வீட்டுக்காரரும் போனோம். கடைக்காரர் டிஸ்கைக் கழற்றித் தன் மிஷினில் மாட்டி, சூடாகாமல் இருக்க டேபிள் ஃபேனை அதன் பக்கம் திருப்பி வைத்தார். ரொம்ப நேரம் காதைக் கொடுத்துக் கேட்டார்.

"டிஸ்கைப் படிக்கிற தலை போய்க்கிட்டு இருக்கு டீச்சர். இப்ப எந்திரிச்சிருக்கு. ஒரே ஓட்டமா ஓடவிட்டு எல்லாத்தையும் வழிச்சு எடுத்துரணும். நடுவுல நின்னுச்சுன்னா மறுபடி எந்திரிக்கும்னு நான் வாக்குக் குடுக்க மாட்டேன்" என்றார்.

"எம்புட்டு இருக்குண்ணே?" என்றேன்.

திரையைப் பார்த்தார். "தொள்ளாயிரத்து அறுபது ஜிபி. ஒரு டெரா டிஸ்க் போதும். நம்மகிட்டயே இருக்கு."

பிரிக்காத பெட்டி ஒன்றை எடுத்து வைத்தார். அதன் மேல் ஒன்று என்ற எண்ணும் டெராபைட் என்ற சொல்லும் கொட்டை எழுத்தில் இருந்தன. என் வீட்டுக்காரர் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு டைப் அடித்தார். பஸ் நிலையத்துக் குரல், "இதற்குள் எல்லாம் அடங்குமா?" என்று கேட்டது.

"ஆயிரத்து இருபத்து நாலுங்க. அறுபத்து நாலு மிச்சமே இருக்கும்" என்றேன்.

அவர் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்து, கறிவேப்பிலைக் கொத்து ஒன்றைக் கிள்ளுகிற மாதிரி காட்டினார். கொசுறு. கடைக்காரருக்குப் புரியவில்லை. நாங்கள் இருவரும் சிரித்தோம். அவருக்குச் சிரிப்பில் சத்தம் கிடையாது, தோள் மட்டும் குலுங்கும்.

பழுதான டிஸ்க் என்பதால் மெதுவாகத்தான் வரும், நாளை மத்தியானம் வாருங்கள் என்று கடைக்காரர் அனுப்பிவிட்டார். சனிக்கிழமை பன்னிரண்டு மணிக்கெல்லாம் போய்விட்டோம். ஓடிக்கொண்டிருந்தது. பச்சைக் கோடு கிட்டத்தட்டக் கடைசிக்கு வந்திருந்தது. கடைக்காரருக்கே சந்தோஷம். "மவராசன், விடிய விடிய ஓடியிருக்கான் டீச்சர். இன்னும் கொஞ்சந்தான்" என்று சொல்லி டீ வாங்கக் கீழே போகப் பார்த்தார்.

நான் திரைக்குப் பக்கத்தில் போனேன். அப்போது எந்த ஃபோல்டர் நகலாகிக்கொண்டிருக்கிறது என்று ஓர் ஓரத்தில் ஓடியது. கல்யாணம். எங்கள் கல்யாண கேசட்டை மகள் ஏதோ ஒரு லீவில் உயர்ந்த தரத்தில் மாற்றி ஏற்றியிருந்தாள். பெரிய பெரிய கோப்புகள். சரி, அடுத்தது குரல்தான் என்று நினைத்தபடி, புது டிஸ்கில் எவ்வளவு மிச்சம் என்று கீழே பார்த்தேன். மொத்தம் தொள்ளாயிரத்து முப்பத்தொன்று. மிச்சம், மூன்று.

தொள்ளாயிரத்து முப்பத்தொன்று. இந்த எண்ணை நான் எத்தனை முறை பார்த்திருக்கிறேன். பள்ளிக்கூட லேபில் மாட்டியிருக்கிற ஒவ்வொரு டிஸ்கும் இதைத்தான் காட்டும். பெட்டியில் போடுகிறவன் ஆயிரம் ஆயிரமாக எண்ணிப் போடுகிறான். கம்ப்யூட்டர் ஆயிரத்து இருபத்து நாலு, ஆயிரத்து இருபத்து நாலாகக் குவித்து எண்ணுகிறது. பைட்டிலிருந்து கிலோவுக்கு ஒரு தடவை, கிலோவிலிருந்து மெகாவுக்கு ஒரு தடவை, மெகாவிலிருந்து ஜிகாவுக்கு ஒரு தடவை. மூன்று இடத்திலும் கம்ப்யூட்டர் கொசுறு கேட்கிறது, மூன்று இடத்திலும் பெட்டிக்காரன் கொசுறு போடவில்லை. ஒரு பைட்கூடத் திருட்டுப் போகவில்லை. இருக்கிறது அதேதான், குவியல்தான் பெரிது. ஆகவே ஆயிரம் என்று வாங்கினது தொள்ளாயிரத்து முப்பத்தொன்றாக நிற்கிறது. பழைய டிஸ்கில் இருந்த தொள்ளாயிரத்து அறுபதோ கம்ப்யூட்டர் எண்ணிச் சொன்னது, கொசுறோடு சேர்ந்த கணக்கு. இது எனக்குத் தெரியாதா? தெரிந்திருந்தும், வகுப்பில் சொல்கிற வாய்ப்பாட்டையே வாங்குகிற இடத்திலும் ஒப்பித்துவிட்டேன். ஆயிரத்து இருபத்து நாலு என்று தெரியாத ஒருத்தி போயிருந்தால், எதற்கும் இருக்கட்டும் என்று இரண்டு டெரா கேட்டிருப்பாள்.

இன்னொன்றும் அதே நொடியில் உறைத்தது. கம்ப்யூட்டர் பெயர்களை வரிசைப்படுத்தும்போது ஆங்கில எழுத்தையெல்லாம் முடித்துவிட்டுத்தான் தமிழுக்கு வரும். படங்கள் போயிருக்கும், பழைய கேள்வித்தாள் போயிருக்கும், பெயரே வைக்காமல் விட்ட நியூ ஃபோல்டர்கள் எல்லாம் சொகுசாகப் போய் உட்கார்ந்திருக்கும். அருமையாக வைக்க வேண்டும் என்று நான் தமிழில் பெயர் போட்ட மூன்றும்தான் வரிசையின் கடைசியில் நின்றன. அதிலும் கல்யாணம் முன்னால் நின்று, மிச்சமிருக்கிற இடத்தை விழுங்கிக்கொண்டிருந்தது. குரல் ஃபோல்டர் மொத்தமே ஒரு சினிமாப் படத்தில் கால்வாசி இருக்காது. கீச்செயினில் தொங்குகிற பென் டிரைவில் அடங்கியிருக்கும்.

"அண்ணே, இடம் பத்தாது! புது டிஸ்க்ல இருந்து சினிமாப் படத்தையெல்லாம் அழிங்க, உடனே அழிங்க" என்று கத்தினேன். கடைக்காரர் ஓடி வந்து மவுஸைப் பிடித்தார். புது டிஸ்கைத் திறக்க இரண்டு முறை தட்டினார். திரை அசையவில்லை. சின்ன வட்டம் ஒன்று சுற்ற ஆரம்பித்தது. செத்துக்கொண்டிருக்கிற டிஸ்கைப் படித்துப் படித்து மிஷினே திணறிப் போயிருந்தது. மிச்சம் இரண்டு என்றது. வட்டம் சுற்றியது.

"நிறுத்திட்டு மறுபடி..." என்றேன்.

"நிறுத்துனா போச்சு டீச்சர்" என்றார். அவர் நெற்றியில் வேர்வை வழிந்தது. "வட்டம் நிக்கட்டும், வட்டம் நிக்கட்டும்."

என் வீட்டுக்காரருக்கு அப்போதுதான் விஷயம் விளங்கியது. எழுந்து வந்து திரையில் கல்யாணம் என்ற சொல்லின் மேல் விரலை வைத்துத் தட்டினார். கடைக்காரரைப் பார்த்து வாயைத் திறந்தார். ஏதோ சொல்ல வேண்டும் அவருக்கு, இப்போதே சொல்ல வேண்டும். கழுத்துத் துளையிலிருந்து காற்றுதான் வந்தது. போனை எடுத்து அடிக்க ஆரம்பித்தார். அவசரத்தில் எழுத்து தப்பிற்று. அழித்து அழித்து அடித்தார். திரையில் மிச்சம் ஒன்று என்று வந்தது. பிறகு அதுவும் இல்லை. இடம் போதவில்லை என்று ஒரு கட்டம் எழும்பி நின்றது. வட்டம் அப்போதுதான் நின்றது.

அதற்கு அப்புறம்தான் போன் வாசித்தது. "கல்யாணம் வேண்டாம். கல்யாணத்தை விடச் சொல்லுங்கள்." பஸ் நிலையத்துக் குரல், ஒரு பதற்றமும் இல்லாமல், நிதானமாக, தெளிவாகச் சொன்னது.

கடைக்காரர் புது டிஸ்கில் சினிமாப் படங்களை அழித்தார். இப்போது இடம் தாராளமாக இருந்தது. மறுபடி முயற்சி செய் என்ற பொத்தானை அமுக்கினார். பழைய டிஸ்க் டிக், டிக், டிக் என்றது. பிறகு மெதுவாகச் சுற்றி இறங்குகிற ஒரு சத்தம். பிறகு டேபிள் ஃபேன் சத்தம் மட்டும்தான். அவர் கழற்றி மாட்டினார், திருப்பி வைத்துப் பார்த்தார், கேபிளை மாற்றினார். நாங்கள் பார்த்துக்கொண்டே நின்றோம். சாயங்காலம்வரை நின்றோம். கடைக்காரர் கையெடுத்துக் கும்பிடுகிற மாதிரி நின்றார்.

அந்த டிஸ்கைச் சென்னைக்கு அனுப்பினோம். உள்ளே தகட்டில் கீறல் விழுந்துவிட்டது, எடுப்பதற்கு ஒன்றுமில்லை என்று சொல்லித் திருப்பி அனுப்பினார்கள். புது டிஸ்கின் பெட்டியை நான் ஒரு நாள் ஆத்திரத்தில் குப்பையிலிருந்து எடுத்துப் பார்த்தேன். அடியில், எறும்பு ஊர்கிற அளவில், ஒரு டெராபைட் என்பது இத்தனை கோடி பைட், கம்ப்யூட்டரில் குறைத்துக் காட்டலாம் என்று எழுதியிருந்தது. அவனும் பொய் சொல்லவில்லை. கம்ப்யூட்டரும் பொய் சொல்லவில்லை. யார் மேலாவது கோபப்பட்டால் கொஞ்சம் லேசாகும் என்று பார்த்தால், கோபப்படுவதற்குக்கூட ஓர் ஆள் கிடைக்கவில்லை. காரணம் முழுக்கத் தெரிகிறது. தெரிந்து என்ன செய்ய? அடுத்த வாரம் ஒரு தேர்வில் அதே ஒரு மார்க் கேள்வியைக் கேட்டிருந்தேன். நாற்பது பேப்பரிலும் சரியாக எழுதியிருந்தார்கள். நாற்பதுக்கும் சரி போட்டுவிட்டுக் குளியலறைக்குள் போய் அழுதேன்.

அவர் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்ல முடியாதவரிடமிருந்து அது ஒரு பெரிய தண்டனை. திட்டுங்களேன் என்றேன். டைப் அடித்தார். போன் சொன்னது, "விடு கழுதையை." அந்தக் குரலில் அது கெட்ட வார்த்தையாகவும் இல்லை, ஆறுதலாகவும் இல்லை.

கிறிஸ்துமஸ் லீவுக்கு மகள் வந்தாள். வந்த மறுநாளே புது டிஸ்கை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். இதில் என்ன இருக்கப் போகிறது என்றேன். "அப்பா எடுத்த வீடியோ எல்லாம் இருக்கும்லம்மா" என்றாள். இருந்தன, நான் பெயரே வைக்காமல் விட்ட நியூ ஃபோல்டர்களுக்குள். வருடக்கணக்காக அவர் எடுத்தவை. மகள் பள்ளிக்கூடத்தில் ஆடியது, திருவாதவூரில் கொழுந்தன் வீட்டுக் காதுகுத்து, வீட்டுக்கு வெள்ளையடித்த நாள், நான் கோபமாகக் கையால் முகத்தை மறைத்துக்கொள்வது. எதிலும் அவர் இல்லை. எடுக்கிறவர் எப்படி இருப்பார்? ஆனால் எல்லாவற்றிலும் அவர் குரல் இருந்தது, படத்துக்குப் பின்னாலிருந்து. "இங்க பாரு." "ஏய், கண்ண மூடாத." "மாப்ள, கொஞ்சம் தள்ளி நில்லு, அத்தைய மறைக்கிற."

மகள் ஒவ்வொன்றாக வெட்டி அந்தச் செயலிக்குக் கொடுத்தாள். இரண்டு நாள் முழுக்க அதே வேலை. கொட்டு மேளம், குழந்தை அழுகை, மிக்சி, பத்துப் பேர் பேச்சு. எல்லாவற்றுக்குள்ளும் அவர் குரல் கலந்து கிடந்தது. செயலி ஒவ்வொரு தடவையும், சுத்தமான பேச்சு போதவில்லை என்றே பதில் சொன்னது. மகள் மடிக்கணினியை மூடிவிட்டு, "முடியலம்மா" என்றாள். அவர் அவள் தலையைத் தடவிக்கொடுத்துவிட்டுக் காய் வாங்கப் போனார். அவரைத் தேற்றத்தான் அவள் வந்திருந்தாள்.

மறுநாள் அவள்தான் கவனித்தாள். எல்லா வீடியோவும் ஒரே மாதிரி முடிகிறது. ஆட்கள் கலைந்துவிடுவார்கள், சத்தம் அடங்கும், அவர் நிறுத்துவதற்காகக் கேமராவைக் கீழே இறக்குவார். அது அவர் வாய்க்குப் பக்கத்தில் வரும். அப்போது, தனக்குத்தானே சொல்லிக்கொள்கிற மாதிரி, "போதும்" என்பார். அடுத்த நொடி படம் நின்றுவிடும். காதுகுத்திலும் போதும். ஆண்டு விழாவிலும் போதும். நூற்றுக்கணக்கில் போதும், பக்கத்தில் உட்கார்ந்து சொல்கிற மாதிரி அவ்வளவு தெளிவாக. வேறு ஒரு சொல்கூட அப்படித் தனியாகக் கிடைக்கவில்லை. வாரேன் இல்லை. என் பெயர் இல்லை. ஒரு சொல்லை வைத்துக்கொண்டு அந்தச் செயலியால் ஒன்றும் செய்ய முடியாது என்றாள். ஊருக்குக் கிளம்புவதற்கு முன்னால், இருப்பதில் நல்லதாக ஒன்றை எடுத்து அவர் போனில் ஒரு பொத்தானாக வைத்துக்கொடுத்துவிட்டுப் போனாள்.

அவள் போன அன்று சாயங்காலம் தோசை வார்த்தேன். எங்கள் வீட்டில் போதும் என்று சொன்னால் யாரும் நிறுத்துவதில்லை. போதும் என்ற பிறகு ஒன்று போடுவதுதான் பழக்கம். அவர் தட்டின் மேல் இரண்டு கையையும் விரித்து மறைத்துக்கொண்டு, "அம்மா தாயே, போதும்" என்று சத்தம் போடுவார், நான் விரல் இடுக்கு வழியாகவாவது திணித்துவிட்டு, "கொசுறு" என்பேன். ஆபரேஷனுக்கு அப்புறம் அவர் கையை மட்டும் காட்டுவார். நானும் நிறுத்திவிடுவேன். அந்த விளையாட்டு எங்கள் இரண்டு பேருக்குமே மறந்துபோயிருந்தது.

மூன்றாவது தோசையைக் கொண்டுபோனேன். அவர் கையைக் காட்டவில்லை. தட்டுக்குப் பக்கத்தில் இருந்த போனை ஒரு விரலால் தொட்டார்.

"போதும்."

அவர் குரல். என் சமையலறையில், என் வீட்டுக்காரர் குரல். தோசைக் கரண்டியோடு அப்படியே நின்றேன். அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். தோசையைத் தட்டில் போட்டேன். மறுபடி தொட்டார்.

"போதும்."

அடுப்புக்குப் போய் இன்னொன்று வார்த்தேன். அவருக்குப் பசி இல்லை என்று எனக்குத் தெரியும். தட்டில் தோசை தோசையின் மேல் ஏறிக்கொண்டிருந்தது. மாவு தீர்கிறவரை நான் போட்டுக்கொண்டே இருந்தேன், அவர் சொல்லிக்கொண்டே இருந்தார்.